பயிரின் வாட்டத்தைக் காட்டும் காமிரா: எதுவரை நம்பலாம்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் சாகுபடி என்பது இடத்துக்கு இடம் மாறுபடும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நெல். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித் தென்னையும் பூவும். திருமயம், பொன்னமராவதி பக்கம் கண்மாயையும் வானத்தையும் பார்த்துக் கடலையும் உளுந்தும். பயிர் எதுவானாலும், வயலில் வாட்டம் தொடங்கும் இடத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு செலவு மிச்சம். ஒரு மூலையில் தொடங்கியதை வயல் முழுவதும் பரவியபின் பார்த்தால், மருந்துக் கடைக்குக் கொடுக்கும் பணமும் வீண், பட்ட பாடும் வீண்.

மருந்து தெளிக்கும் டிரோன்கள் இப்போது கிராமங்களுக்கு வந்துவிட்டன. காமிரா பொருத்திய டிரோனை வயலின் மேல் பறக்கவிட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் திட்டுத் திட்டாக வண்ணம் தீட்டிய படம் ஒன்றைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கைப்பேசியில் போட்டோ எடுத்தாலே பயிரின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடும் என்று விளம்பரம் செய்யும் செயலிகளும் உண்டு. இவற்றில் எது உண்மையான அளவீடு, எது வெறும் வண்ணப்படம் என்று தெரியாமல் பணம் கொடுத்துவிடக் கூடாது. இந்த வேறுபாடு முழுவதும் காமிராவுக்குள் இருக்கும் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கண்ணாடித் துண்டில் அடங்கியிருக்கிறது. அதற்கு பில்டர் என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

வெயிலில் வானவில்லின் ஏழு நிறங்களும் கலந்திருப்பது தெரிந்ததே. சிவப்புக்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதை 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் கண்டறிந்தார். முப்பட்டைக் கண்ணாடியால் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறிற்று. அந்தக் கதிர்களைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டர் கணக்கில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். டிஜிட்டல் காமிராவுக்குள் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் சிலிக்கான் தகடோ ஏறத்தாழ 1100 வரை உணரக்கூடியது. ஆகவே நாம் பார்க்காத ஒளியையும் அது பார்க்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டிக் காய்ச்சல் பார்த்த கருவியும் அகச்சிவப்பால்தான் வேலை செய்தது. ஆனால் அது வேறு வகை. உடம்புச் சூட்டிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் 10,000 நானோமீட்டரை ஒட்டியது. சாதாரணக் காமிராத் தகட்டுக்கு அது எட்டாது. பயிருக்குப் பயன்படுவது வெயிலில் உள்ள, சிவப்பை அடுத்து நிற்கும் அண்மை அகச்சிவப்பு. இது இலையில் பட்டுத் திரும்பி வருவதைத்தான் காமிரா பதிவு செய்கிறது.

இலை செய்யும் வேலை

இலையில் உள்ள பச்சையம் வெயிலின் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கி உணவு தயாரிக்கிறது. பச்சையை அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது. அகச்சிவப்பு இலைக்கு வேண்டாத ஒளி. இலைக்குள் பஞ்சு போன்ற திசு இருக்கிறது. அதன் செல்களுக்கும் இடையிலுள்ள காற்று அறைகளுக்கும் நடுவே அகச்சிவப்பு மோதி மோதித் திரும்பிவிடும். நல்ல ஆரோக்கியமான இலையில் விழும் சிவப்பு ஒளி 100 பங்கு என்றால் சுமார் 5 பங்குதான் திரும்பும். அகச்சிவப்பு 100 பங்கில் 40 முதல் 50 பங்கு வரை திரும்பும்.

பயிர் நலிந்தால் இது தலைகீழாக மாறத் தொடங்கும். பச்சையம் குறைவதால் சிவப்பை விழுங்குவது குறையும்; திரும்பும் சிவப்பு கூடும். இலை உதிர்ந்தோ, சுருங்கியோ, உட்திசு சிதைந்தோ போனால் திரும்பும் அகச்சிவப்பு குறையும். இந்த இரண்டையும் தனித்தனியே அளந்துவிட்டால் பயிரின் நிலையை எண்ணாகவே சொல்லிவிடலாம்.

காமிராவுக்குள் ஒரு தடுப்பு

காமிராத் தகடு அகச்சிவப்பையும் உணரும் என்றால், நாம் எடுக்கும் போட்டோவில் அது ஏன் தெரிவதில்லை? தெரியவிடாமல் தடுத்திருக்கிறார்கள் என்பதே பதில். அகச்சிவப்பை அப்படியே விட்டால் நிறங்கள் கெட்டுவிடும். கறுப்புத் துணி செம்பழுப்பாகத் தெரியும், முகத்தின் நிறம் மாறிவிடும். ஆகவே தகட்டின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியைத் தொழிற்சாலையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். கைப்பேசிக் காமிராவிலும் இந்தத் தடுப்பு உண்டு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கு அகச்சிவப்பில் எரிவது. பொத்தானை அழுத்தினாலும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் கைப்பேசியின் காமிராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேரே காட்டி அழுத்துங்கள். சில கைப்பேசிகளில், குறிப்பாக முகம் பார்க்கும் முன்பக்கக் காமிராவில், மங்கலான வெளிர் ஊதா வெளிச்சம் தெரியும். அங்கே தடுப்பு சற்றுத் தளர்வு. பின்பக்கக் காமிராவில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அங்கே தடுப்பு பலம்.

இன்னொரு சாட்சி மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் காமிரா. பகலில் அது இயல்பான நிறத்தில் படம் காட்டும். பொழுது சாய்ந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் தடுப்புக் கண்ணாடி நகர்ந்து வழிவிடும் சத்தம் அது. பிறகு காமிராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியும். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். அந்தப் படத்தில் கொட்டகை ஓரத்து வாழை இலையும் தென்னங்கீற்றும் வெள்ளை வெளேர் என்று தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பச்சை இலை அகச்சிவப்பை அவ்வளவு அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு இதைவிட எளிய செயல்விளக்கம் வேண்டியதில்லை.

பில்டரை மாற்றினால்

பயிரைப் பார்க்கும் காமிராவில் இந்தத் தடுப்பு இருக்கக் கூடாது. அதை நீக்கிவிட்டு, வேண்டிய ஒளியை மட்டும் உள்ளே விடும் பில்டரை வைக்கிறார்கள். இதில் மூன்று வகைகள் உள்ளன.

முதல் வகை, 720 அல்லது 850 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் பில்டர். பார்வைக்குக் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இலை வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் தெரியும் அழகான படம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் அகச்சிவப்பு மட்டுமே பதிவாவதால், சிவப்போடு ஒப்பிட்டு அளக்க இது போதாது.

இரண்டாவது, ஒரே காமிராவில் நீல பில்டர் வைப்பது. உள் தடுப்பை எடுத்துவிட்டு இந்த பில்டரை வைத்தால், வெயிலின் சிவப்பு தடுக்கப்படும். சிவப்புக்கென்று தகட்டில் ஒதுக்கியுள்ள புள்ளிகளில் அகச்சிவப்பு வந்து பதிவாகும். ஒரே படத்தில் நீலமும் அகச்சிவப்பும் கிடைத்துவிடும். 2013இல் வந்த ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியின் தடுப்பில்லாக் காமிராவுடன் இப்படி ஒரு நீலத் தாளையும் சேர்த்தே கொடுத்தார்கள். செலவு குறைவு. பள்ளி, கல்லூரி மாணவர்கள் கற்றுக்கொள்ள நல்ல முறை. ஆனால் ஒளிகள் ஒன்றுக்குள் ஒன்று கசிவதால் அளவு துல்லியமாக இருக்காது.

மூன்றாவது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி லென்சும் தனித்தனி பில்டரும் கொண்ட காமிரா. பச்சைக்கு 560, சிவப்புக்கு 650, அகச்சிவப்புக்கு 860 நானோமீட்டர் என்பதுபோலக் குறுகிய பட்டைகளை மட்டும் இவை உள்ளே விடும். பயிர் அளவீட்டுக்கு என்றே செய்யப்பட்டவை இவை. விலையும் அதிகம்.

கைப்பேசியைத் திறந்து தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கைப்பேசி பாழாவதுதான் மிச்சம். தடுப்பு உள்ள சாதாரணக் கைப்பேசியால் அகச்சிவப்பை அளக்க முடியாது. ஆகவே கைப்பேசிப் போட்டோவிலிருந்தே அகச்சிவப்புக் கணக்கைத் தருவதாகச் சொல்லும் செயலி உண்மையில் பச்சை, சிவப்பு நிறங்களை வைத்து ஊகிக்கிறது என்றே பொருள். இலையில் உள்ள புள்ளியையோ பூச்சியையோ படமெடுத்து அனுப்பி ஆலோசனை கேட்கக் கைப்பேசி நல்ல கருவிதான். ஆனால் அது வேறு வேலை.

கணக்கு எளியது

சிவப்பும் அகச்சிவப்பும் எவ்வளவு திரும்பின என்று தெரிந்தபின் போடும் கணக்கைப் பயிர்க் குறியீடு என்று சொல்லலாம். விஞ்ஞானிகள் இதை என்.டி.வி.ஐ. என்பார்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, செழிப்பான நெற்பயிரில் அகச்சிவப்பு 50, சிவப்பு 5 என்று வைத்துக்கொண்டால், கழித்தால் 45, கூட்டினால் 55. வகுத்தால் 0.82. நலிந்த பயிரில் அகச்சிவப்பு 30, சிவப்பு 15 என்றால், 15ஐ 45ஆல் வகுக்க 0.33. வெறும் செம்மண் தரையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் திரும்புவதால் எண் மிகக் குறைவாக இருக்கும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் கண்மாய் நீர் சுழிக்குக் கீழே போய்விடும். படத்தில் உள்ள வண்ணங்கள் எல்லாம் இந்த எண்களுக்குக் கொடுத்த அடையாளமே.

தென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் இந்த முறையை முதலில் பரிசோதித்தது தென்னந்தோப்பில்தான். 1970ஐ ஒட்டிய காலத்தில், பி.ஆர். பிஷரோட்டி என்ற விஞ்ஞானியின் முயற்சியால் கேரளத்துத் தென்னைகளின் வேர்வாடல் நோயை ஆகாயத்திலிருந்து பார்த்தார்கள். ஹெலிகாப்டரில் காமிராவை வைத்து, அகச்சிவப்பை உணரும் வண்ணப் பிலிமில் படமெடுத்தார்கள். அத்தகைய பிலிமுக்கு லென்சின் முன் மஞ்சள் பில்டர் வைத்து நீல ஒளியைத் தடுப்பது வழக்கம். படத்தில் நல்ல மரத்தின் கொண்டை செக்கச் செவேல் என்று தெரியும். நோய்ப்பட்ட மரம் நிறம் மங்கித் தனித்து நிற்கும். இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று பிஷரோட்டியைப் போற்றுகிறார்கள்.

காமிரா பிறகு வானத்துக்கு ஏறிற்று. 1972இல் அமெரிக்கா அனுப்பிய முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் அகச்சிவப்பிலும் படமெடுத்தது. இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டது. அதன் நுட்பமான காமிராவில் படத்தின் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 36 மீட்டர் சதுரம். அதாவது 32 சென்ட். ஒரு ஏக்கருக்கு மூன்று புள்ளிகள். சிறு விவசாயியின் வயலைப் பார்க்க அது போதவில்லை. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல் 2 வரிசைச் செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் சதுரத்துக்கு ஒரு புள்ளி வீதம் காட்டுகின்றன. ஒரு புள்ளி இரண்டரை சென்ட். ஏக்கருக்கு 40 புள்ளிகள். இந்தப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிரோன் காமிராவோ தரையில் சில சென்டிமீட்டர் அளவுக்குக் கூட நுணுக்கமாகக் காட்டும்.

ஆனால் செயற்கைக்கோளுக்கு மேகம் எதிரி. சம்பா நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மேகமூட்டம் விலகாது. அகச்சிவப்பு மேகத்தை ஊடுருவாது. அதனால்தான் தமிழ்நாட்டில் நெல் பரப்பைக் கணிக்க, மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயன்படுத்தி வருகிறது.

படம் சொல்லாதவை

எவ்வளவு நல்ல பில்டரானாலும் படம் சொல்வது ஒன்றே ஒன்று: வயலில் எந்த இடம் மற்ற இடத்தைப் போல் இல்லை என்பது. காரணத்தை அது சொல்லாது.

உளுந்து வயலில் ஒரு திட்டு நலிந்ததாகப் படம் காட்டுகிறது என்று கொள்வோம். அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயாக இருக்கலாம். இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் பச்சையோடு கலந்து தெரியும். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலையில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுக்கும். தழைச்சத்துக் குறைவானால் அடி இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளாகும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கினாலும் செடி மஞ்சளாகும். நான்குக்கும் படத்தில் ஒரே நிறம்தான். பரிகாரமோ நான்கும் வெவ்வேறு. தேமல் என்றால் நோய்ச் செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும். தண்ணீர் தேக்கம் என்றால் வடிகால் வெட்டினால் போதும், மருந்துச் செலவே தேவையில்லை.

களையும் பச்சைதான். கோரையும் சாரணையும் மண்டிய இடம் படத்தில் செழிப்பாகவே தெரியும். அறுவடைக்கு முற்றிய பயிரோ நலிந்தது போலத் தெரியும். பயிர் மூடி அடர்ந்தபின் குறியீடு உச்சத்தில் நின்றுவிடும். நல்ல பயிருக்கும் மிக நல்ல பயிருக்கும் வேறுபாடு தெரியாது. கண்ணுக்குத் தெரியும் முன்பே எல்லா நோயையும் காட்டிவிடும் என்பதும் மிகைப்பேச்சு. சிலவற்றில் முந்திக் காட்டலாம். இலையின் நிறமாற்றம் கண்ணுக்கே முதலில் தெரிவதும் உண்டு.

வண்ணத்திலும் ஏமாறக் கூடாது. பிலிம் காலத்து முறையில் எடுத்த படத்தில் சிவப்பு என்றால் செழிப்பு. குறியீட்டுப் படத்தில் பெரும்பாலும் பச்சை செழிப்பு, சிவப்பு நலிவு. ஒரே வயலுக்கு இரண்டு படமும் கையில் இருந்தால், பொருள் தெரியாதவர் நல்ல பயிருக்கு மருந்தடித்துவிடுவார்.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. காமிராவில் அகச்சிவப்புக்குத் தனி பில்டரும் லென்சும் உண்டா? சாதாரண வண்ணக் காமிரா மட்டும் என்றால், பயிர் வளர்ச்சியையும் சந்துகளையும் பார்க்கலாம், குறியீடு கிடைக்காது.

2. பறக்கவிடுமுன் சாம்பல் நிற அளவுப் பலகையைப் படமெடுக்கிறார்களா? வெயிலின் அளவு நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். இந்தப் பலகையை வைத்துத் திருத்தாவிட்டால், இன்றைய எண்ணை அடுத்த வாரத்து எண்ணோடு ஒப்பிட முடியாது.

3. எந்த நேரத்தில் எடுக்கிறார்கள்? காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள், நிழல் குறைவாக உள்ளபோது எடுப்பது நல்லது. மேகம் வந்து வந்து போகும் வேளையில் எடுத்த படத்தில் மேக நிழலும் நலிவாகத் தெரியும்.

4. எந்த வண்ணம் எந்த எண் என்ற அட்டவணை படத்திலேயே இருக்கிறதா?

5. படத்தைக் கொடுத்தபின், காட்டிய இடத்துக்கு அவர்களும் நடந்து வந்து பார்ப்பார்களா?

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியே இதற்குச் செலவிடத் தேவையில்லை. வரப்பில் ஒரு சுற்று நடந்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். பத்து இருபது பேர் சேர்ந்து, தொடர்ச்சியாக உள்ள நிலத்துக்கு உழவர் குழு மூலம் எடுத்தால் பயனுண்டு. தென்னந்தோப்புக்காரர்களுக்கு இது கூடுதலாக உதவும். உயர்ந்த மரங்களின் கொண்டையைத் தரையிலிருந்து பார்ப்பது கடினம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலுக்குப்பின் புதிதாக நட்ட கன்றுகளில் பின்தங்கியவை எவை என்று வரிசை வரிசையாகப் பார்க்கவும் மேலிருந்து எடுத்த படம் பயன்படும்.

பயிர்க் காப்பீட்டுக்கு இந்தப் படம் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. இழப்பீடு அறிவிக்கப்பட்ட பகுதியின் மகசூலைக் கணக்கிட்டே முடிவாகிறது. தனியார் எடுத்துத் தரும் படத்தைக் காட்டி இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

செலவில்லாத வழி

நெல்லுக்கு அகச்சிவப்பு இல்லாமலே தழைச்சத்தை அளக்க ஒரு வழி உண்டு. அது இலை வண்ண அட்டை. நட்ட 14ஆம் நாள் முதல், அல்லது நேரடி விதைப்பில் 21ஆம் நாள் முதல், வாரம் ஒருமுறை பூக்கும்வரை பார்க்க வேண்டும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், உடம்பின் நிழல் இலைமேல் விழும்படி நின்றுகொண்டு, வயலின் பல இடங்களில் 10 செடிகளைத் தேர்ந்து, முழுதும் விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வரம்பு. பத்தில் ஆறு இலைகளாவது இந்த வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இட வேண்டும். சம்பாவுக்கு ஒரு தடவைக்கு எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 26 கிலோ யூரியா. வரம்புக்கு மேலே இருந்தால் அந்த வாரம் யூரியா மிச்சம்.

உளுந்துக்கு ரகத் தேர்விலேயே பாதிக் கவலை தீரும். வம்பன் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் மஞ்சள் தேமலைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது. வம்பனிலேயே வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளது. வயலில் திட்டாக வாட்டம் கண்டால், நோயுற்ற செடி இரண்டையும் நல்ல செடி ஒன்றையும் வேரோடு எடுத்துக்கொண்டு அங்கேயோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டி, காரணம் தெரிந்தபின் மருந்து வாங்குவதே முறை. டிரோன் படம் எடுத்தவர்களும் அதைச் செடிகளோடு சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டலாம். எந்த இடத்தில் செடி பிடுங்க வேண்டும் என்பதைத்தான் படம் சொல்லும். என்ன நோய் என்பதைச் செடிதான் சொல்லும்.